மாசத்துக்கா, வருஷத்துக்கா?

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மதுரைப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளச் சொல்லித்தர வந்த தன்னார்வலர்கள். ஒரே நிறத்தில் டீ ஷர்ட், சுருட்டிய சார்ட், விளையாட்டு ரூபாய்க் கட்டு, பரிசு கொடுக்க மண் உண்டியல்கள். உண்டியலில் பாதி பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது. சேமிப்பு வகுப்புக்கு நல்ல சகுனம்தான்.

கண்ணாடி போட்ட தம்பி சார்ட்டை விரித்தான். முதல் வரியே 'மாத வருமானம் ரூ. 20,000'.

"எந்த மாசம்ணே?" என்றான் ஒருவன்.

"எந்த மாசமா இருந்தா என்ன? மாசாமாசம் வர்றது."

வகுப்பே சிரித்தது. பாவம், அந்தத் தம்பிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையை விட்டு நகராது. மற்ற மாதங்களிலும் காற்று எச்சரிக்கை வந்தால் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். போனாலும் பாடு, அதாவது வலையில் மீன் இருந்தால்தான் காசு. அதிலும் டீசல், ஐஸ் செலவு கழித்து, படகுக்குப் பங்கு எடுத்து வைத்து, மிச்சத்தைத்தான் ஆளுக்குப் பிரிப்பார்கள். இந்தச் சார்ட்டை எழுதியவர் வீட்டில் யாரோ அரசு வேலை பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து 'தேவையா, ஆசையா' என்று ஒரு விளையாட்டு. படத்தைக் காட்டினால் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். அரிசி தேவை, ஐஸ்கிரீம் ஆசை, அதுவரை தகராறு இல்லை. தங்கச் சங்கிலி வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் "தேவை!" என்றார்கள்.

"இல்லம்மா, நகை ஆடம்பரம்தானே?" என்றாள் கூட வந்த பெண்.

முன்வரிசை ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். "தடைக்காலத்துல எதை அக்கா அடகு வைக்கிறது? டிவியையா?"

அந்த அக்கா சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சங்கிலிப் படம் அன்று முழுக்க எந்தக் கட்டத்திலும் ஒட்டப்படாமல் மேஜையிலேயே கிடந்தது.

சரி, வங்கிக்கு வருவோம் என்று கண்ணாடித் தம்பி தெம்பாக ஆரம்பித்தான். நூறு ரூபாயை டெபாசிட்டில் போட்டால் ஏழு ரூபாய் வட்டி கிடைக்கும் என்றான்.

"மாசத்துக்கா?"

"இல்ல, வருஷத்துக்கு."

பிள்ளைகள் அவனைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். ஒருவன் தேற்றுவதுபோலச் சொன்னான்: "எங்க ஆத்தா மூணு வட்டிக்கு விடுதுண்ணே. நீங்களும் குடுத்து வைங்க." இன்னொருவன் விடவில்லை. "மீனவர் சேமிப்புத் திட்டத்துல 1,500 கட்டுனா அரசாங்கம் 3,000 சேர்த்து 4,500-ஆ தருது. உங்க பேங்க் ஏழு ரூவா தருதா?" இது மத்திய, மாநில அரசுகள் மீன்வரத்துக் குறைந்த மாதங்களுக்காகப் பணம் போடும் திட்டம், வங்கி வட்டியோடு ஒப்பிடக் கூடாது என்று விளக்கி முடிப்பதற்குள் தம்பிக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து அவன் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கரும்பலகையில் 'நூறுக்கு மாசம் மூணு வட்டி' என்று எழுதி, அதைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னான். 36 வந்தது. "நீங்க ஏழுன்னு சிரிச்சீங்கள்ல, இது முப்பத்தாறு. கொடுக்கிற ஆத்தாவுக்கு லாபம். வாங்குன வீட்டுக்கு?" என்றான். வட்டியை மாசக் கணக்கிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஆண்டுக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை. நானும் தனிவட்டியைப் புத்தகத்து ராமுவையும் சோமுவையும் வைத்தே நடத்திக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எப்போதும் ஆண்டு வட்டிக்குத்தான் கடன் வாங்குவார்கள்.

பத்து வயது நிரம்பியவர்கள் சொந்தப் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தாங்களே இயக்க, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்திருக்கிறது என்றதும் பெரிய பரபரப்பு. வந்த முதல் சந்தேகம், "அம்மாவுக்கு மெசேஜ் போவுமா?"

கடைசியாகச் சந்தை விளையாட்டு. ஆளுக்கு ஐந்நூறு விளையாட்டு ரூபாய். பென்சில், பிஸ்கட் வாங்கி, மிச்சம் பிடித்தவர்களுக்கு உண்டியல். ரெட்டைச் சடைக்காரி கட்டை வாங்கி, விரலை நாக்கில் தொட்டு, ஏலத்தில் நிற்கும் மீன்காரம்மா மாதிரி சரசரவென்று எண்ணினாள். ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல காந்தியே இல்லையே" என்று முகம் சுளித்தாள். பிறகு யாரும் கடைப்பக்கம் போகவில்லை. பின்வரிசையில் கூடி உட்கார்ந்து ஏலச்சீட்டு ஆரம்பித்துவிட்டார்கள். பிஸ்கட் அவசரக்காரன் ஒருவன் பாதிக்குப் பாதி தள்ளி, அதாவது பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து, சீட்டை எடுத்தான். தள்ளுப் பணம் மற்றவர்களுக்குப் பங்காகப் போனது. பிரித்துக் கொடுத்தவள் ரெட்டைச் சடை. கூலியாக ஒரு பங்கு அவளுக்கு.

பதிவு செய்யாத சீட்டில் போட்டால் பணம் போனாலும் போகும், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று அக்கா எச்சரித்தாள்.

"ஓடிப் போனா வீடு தெரியும்க்கா" என்று பதில் வந்தது.

மணி அடித்தபோது நோட்டில் முக்கால்வாசி ரெட்டைச் சடையிடம். உடையாத உண்டியலை அவளுக்கே கொடுத்தார்கள். அவள் அதைப் பிஸ்கட் அவசரக்காரனுக்கு இருபது ரூபாய்க்கு விற்கப் பார்த்தாள், நிஜ ரூபாய். நான்தான் தடுத்தேன்.

கிளம்பும்போது தம்பிகள் கரைக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கினார்கள். கிலோ நானூறு என்று சொன்னதும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கூட நின்ற என் வகுப்புப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். பையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினான். அங்கே என்ன பேசினானோ, இரண்டு கைப்பிடி கருவாடு கூடுதலாகவும் ஐம்பது ரூபாயும் வாங்கி வந்தான். அதில் நாற்பதைக் கண்ணாடித் தம்பி கையில் வைத்தான்.

"பத்து எங்கடா?" என்றேன்.

"தரகு டீச்சர்."