மாமனா, ஒன்றுவிட்ட மாமனா? ஒரு விமானியின் வம்சத்தைத் தேடிய மூன்று வாரம்

பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறோம். மகள் படிப்பது த்ரோசியேம், நம்ம ஊர்க் கணக்கில் ஒன்பதாவது. முதல் உலகப்போர் பாடத்துக்காக, போரில் இறந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவளிப் படமும் செய்துவரச் சொல்லிவிட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். எனக்கோ என் தாத்தாவின் அப்பா பேரே தெரியாது. "இந்தியாவுலேர்ந்து வந்து இங்க செத்த யாராவது போதும்ப்பா" என்றாள்.

சின்ன வயதில் தபால்தலை சேர்த்த புத்தி கைகொடுத்தது. இந்திர லால் ராய், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து பிரான்சில் இறந்தவர். 1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்தவர். நூற்றாண்டுக்கு 1998-ல் இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது.

சாவைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் போதும், காசு கிடையாது. 1918 ஜூலை 22, வயது 19, எஸ்தவெல் ஊர்ப் பொதுக் கல்லறை. எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம். வாழ்க்கையைத் தேடத்தான் மூன்று வாரம் ஓடியது.

லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரிகளின் பணித்தாள்கள் 'ஏர் 76' என்ற வரிசையில் இருக்கின்றன. அவசரப்பட்டுப் பணம் கட்டி இறக்கினேன். வேறொரு ராய்! முதலெழுத்தைச் சரியாகப் பார்க்காதது என் தப்பு. நீங்கள் தேடினால் படைப்பிரிவு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு முதலில் 56, பிறகு 40. லண்டன் விமானப்படை அருங்காட்சியகம் அதிகாரிகளின் காயம், இடமாற்ற அட்டைகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

பிரிட்டிஷ் அரசிதழில்தான் அடுத்த சிக்கல். 1918 செப்டம்பர் 21 இதழில், இறந்த பிறகு அவருக்குக் கொடுத்த பறக்கும் சிலுவைப் பதக்கத்தின் குறிப்பு இருக்கிறது. பதின்மூன்று நாளில் ஒன்பது எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்கிறது. விமானிகளின் வெற்றிக் கணக்குப் பட்டியல் எல்லாவற்றிலும் பத்து. "ஒன்பதா பத்தாப்பா?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். பிரிட்டிஷ் கணக்கில், கட்டுப்பாடிழந்து சுழன்றபடி கீழே போனதையும் வெற்றியாகவே எழுதினார்கள். இருவர் சேர்ந்து சுட்டால் பங்கு வேறு. ராயின் பத்தில் நொறுங்கியது என்று எழுதப்பட்டவை ஐந்து, கட்டுப்பாடிழந்தவை ஐந்து. படத்தில் இரண்டு எண்ணையும் எழுதவைத்தேன். ஜூலை 6-லிருந்து 19-க்குள் பத்து. 22-ம் தேதி, எஸ்தவெல்லுக்குப் பக்கத்து ஊரான கார்வேன் வானில் ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் முடிந்துபோனார். அவருக்குத் தலைவராகப் பறந்த ஜார்ஜ் மெக்கெல்ராய் அடுத்த ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

மகளுக்குப் பிடித்ததோ வேறு. கண்பார்வை போதாது என்று முதலில் தள்ளிவிட்டார்களாம். பையன் மோட்டார் சைக்கிளை விற்று, வேறொரு கண் மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கி வந்தானாம். 1917 கடைசியில் விமானம் விழுந்தபோது செத்துவிட்டதாக நினைத்துப் பிணவறையில் போட, விழித்துக் கதவைத் தட்டினானாம். இரண்டையும் 'சொல்லப்படும் கதை' என்ற தலைப்பில் தனியாக எழுதச் சொன்னேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

வம்சாவளியில் அப்பா பியாரி லால் ராய், பாரிஸ்டர். ஆங்கிலத்தில் இந்தப் பேரையே நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். அண்ணன் பரேஷ் லால் ராய், இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பேர் வாங்கியவர். அம்மா லோலிதா ராய். பிள்ளைகளை லண்டனில் வளர்த்தபடியே, 1911 ஜூன் 17-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். புகைப்படம் இருக்கிறது. 'விமானியின் தாய்' என்று ஒரு கட்டத்துக்குள் அவரை அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. மகள் அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாகப் போட்டாள்.

மாட்டிக்கொண்டது சுப்ரதோ முகர்ஜியிடம். 1954-ல் இந்திய விமானப்படைக்குத் தலைவரான முதல் இந்தியர். ராயின் 'நெஃப்யூ' என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கோடு போட முடியுமா? அக்கா மகனா, அண்ணன் மகனா? நமக்கு ஒருவன் மருமகன் முறை, இன்னொருவன் மகன் முறை. தேடிப் பார்த்தால் முகர்ஜியின் அம்மா சாருலதா, பிரசன்ன குமார் ராயின் மகள். பியாரி லால் மகள் அல்ல. ஆக, நேர் தாய்மாமன் என்று போட முடியாது. புள்ளிக்கோடு போட்டோம்.

ஒரு சனிக்கிழமை எஸ்தவெல் போனோம். நல்ல குளிர். கல்லறையில் வங்காளியில் ஒரு வரி; எங்களுக்கு எழுத்து தெரியாது. எங்கள் தெருவில் காய்கறிக்கடை வைத்திருக்கும் பங்களாதேஷ்காரருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "மகாவீரேர் சமாதி. சம்ப்ரம் தேகாவ், ஸ்பர்ஷ கோரோ நா."

மகாவீரர், சமாதி, ஸ்பரிசம். 'மாவீரரின் சமாதி; மரியாதை காட்டு, தொடாதே' என்று அவர் பிரெஞ்சில் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே மகள் கல்லின் மேலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

அவருக்குப் பேச்சை முடிக்க மனசில்லை. யாருடைய சமாதி, எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். குடும்பத்துக்குப் பூர்வீகம் இன்றைய பங்களாதேஷில் இருக்கும் பாரிசால் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நம்ம பக்கத்து ஆளு" என்றார். "பூ கொண்டு போனீங்களா?"

கொண்டு போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு கார்வேனுக்குப் பூக்கடை தேடிப் போனோம்.