அழுத்தச் சுரங்கத்தில் நீரைத் தாங்குவது எது?

நீர்மின் திட்டங்களில் உயரத்திலுள்ள நீரை அழுத்தத்தோடு மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் அழுத்தச் சுரங்கம் என்றதும் பலரும் முதலில் கான்கிரீட் வளையம் எத்தனை சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 100 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 10 பார் அழுத்தம் தரும். உள்ளிருந்து அவ்வாறு தள்ளும்போது கான்கிரீட் இழுவிசை தாங்காமல் விரிசல் விட, அதன் வழியே நீர் பாறையைச் சென்று சேர்கிறது. அதன்பின் அழுத்தத்தை எதிர்த்து நிற்பது மலைதான்.

இதை நார்வேக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். உட்புறக் கான்கிரீட் பூச்சே இல்லாமல் வெறும் பாறையில் அழுத்தச் சுரங்கங்களை அமைக்கும் வழக்கம் அங்கு 1920 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. தலைக்கு மேல் செங்குத்தாக எவ்வளவு பாறை இருக்கிறது என்று பார்க்கும் எளிய விதியே நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. ஆனால் 1968-இல் சுமார் 300 மீட்டர் நீருயரம் கொண்ட பிர்ட்டேயிலும், 1970-இல் சுமார் 200 மீட்டர் கொண்ட ஓஸ்கோராவிலும் பாறை பிளந்து நீர் வெளியேறியது. அதன் பிறகே, சுரங்கத்திலிருந்து மலைச்சரிவுக்கு உள்ள மிகக் குறுகிய தூரத்தையும் சரிவின் கோணத்தையும் சேர்த்துப் பார்க்கும் சூத்திரம் 1971-இல் வந்தது. பாறையின் ஒப்படர்த்தி 2.7 என்றால், அதாவது நீரைவிட அது 2.7 மடங்கு கனம் என்றால், 300 மீட்டர் நீரைச் சமன் செய்யச் சமதளத்தில் 111 மீட்டர் பாறை போதும். 60 பாகைச் சரிவில் அதே நீருக்கு, பாதுகாப்புக் காரணியைச் சேர்க்காமலே, 222 மீட்டர் வேண்டும். வரைபடத்தில் கம்பீரமாகத் தெரியும் செங்குத்து மலைதான் நம்மை ஏமாற்றும்.

இந்தக் கணக்கும் முதல் சல்லடைதான். பாறையைப் பல திசைகளிலிருந்து இறுக்கும் அழுத்தங்களில் மிகக் குறைந்தது, அதாவது மிகக் குறைந்த முதன்மைத் தகைவு, நீரழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஏற்கெனவே உள்ள பிளவுகளை நீர் நெம்பித் திறந்துவிடும். ஆகவே துளையிட்டு, ஒரு பகுதியை இருபுறமும் அடைத்து, பாறை பிளக்கும் வரை நீரைச் செலுத்தி அந்தத் தகைவை அந்த இடத்திலேயே அளக்கிறார்கள். பாறை போதாத இடத்தில் சுரங்கத்துக்குள் போடும் எஃகு உறை எங்கே தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த அளவீடே. நல்ல பாறை வாய்த்த, நார்வேயின் ‘நியே தியின்’ நீர்மின் திட்டத்தில் 1,000 மீட்டரைத் தாண்டிய நீருயரத்தையும் பூச்சற்ற பாறையே தாங்குகிறது.

எஃகு உறை போட்ட பகுதிக்கு வேறொரு கவலை உண்டு: பராமரிப்புக்காகச் சுரங்கத்தைக் காலி செய்யும்போது, வெளியே பாறையில் தேங்கிய நீர் உறையை உள்நோக்கி நசுக்கப் பார்க்கும். பல இடங்களில் தகட்டின் கனத்தை முடிவு செய்வது இந்த வெளியழுத்தமே. வடிகால் துளைகள் அமைப்பதும், நீரை அவசரமின்றிப் படிப்படியாக வெளியேற்றுவதும் இதனால்தான்.