கன்று நடும் முன் நீரைப் பார்க்க வேண்டும்

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தன்னார்வ அமைப்பு அழைத்ததன் பேரில், என் பள்ளி மாணவர்களை வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு சேற்றுத்திட்டுக்கு அழைத்துச் சென்று, கடலும் ஆறும் கலக்கும் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் 300 விதைமுளைகளை நட்டோம். சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் செருகினால் போதும் என்று சொன்னார்கள், நாங்களும் செருகினோம். கயிறு பிடித்து வரிசை தவறாமல் நட்டதால் நாற்றங்கால் போல அழகாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தன. நின்றவற்றின் தண்டு முழுவதும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரியான கொட்டலசு அப்பிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். சிறு விரல் பருமனுள்ள அந்தத் தண்டு, ஒட்டியிருந்த ஓடுகளின் கனத்தால் கல்லைப் போலக் கனத்தது. அடுத்த ஆண்டு அங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை. நட்ட அன்று எடுத்த படங்கள் மட்டும் பல இடங்களில் வெளிவந்திருந்தன.

அவை ஏன் செத்தன என்பதை எனக்கு அன்று சொல்ல யாரும் இல்லை. சில மாதங்களுக்கு முன், பிச்சாவரக் காட்டை ஒட்டிய கிள்ளைப் பக்கத்தில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்த பொது உரையில்தான் அதற்கு விடை கிடைத்தது. பேசியவர் அலையாத்திக் காடுகளை ஆராயும் இளம் ஆய்வாளர். அவர் தமிழிலேயே பேசினார். கேட்க வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்களும், உப்பனாற்று ஓடைகளில் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும்தான். ஒன்றரை மணி நேரம் நீண்ட அந்த உரை என் மனத்தில் அசைத்துவிட்ட சிலவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பிச்சாவரம் பற்றிப் படகுச் சவாரிக்கு அப்பால் அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவில், சிறு சிறு திட்டுகளும் அவற்றை ஊடறுத்து ஓடும் ஓடைகளுமாக இந்தக் காடு கிடக்கிறது. 2022இல் இது ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஓடையின் விளிம்பில் வளைந்த தாங்குவேர்களோடு சுரபுன்னை நிற்கும். அதற்குப் பின்னால், உள்ளே, பெரும்பரப்பில் வெண்கண்டல் நிற்கும். இன்னும் மேட்டுப்பக்கம் போனால் தில்லை மரத்தைக் காணலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அதுதான். கோயிலின் தலமரமான அதை ஊருக்குள் தேடிப் பயனில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் அந்த மரம் இன்று வாழ்வது இந்த உப்பங்கழிக் காட்டில்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய மரமும் இங்கே உண்டு. இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த ஒரு கலப்பினத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1990களில் விவரித்து, ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். பரங்கிப்பேட்டையில் உள்ள அப்பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இந்தக் கழிமுகத்தின் மீன், நண்டு, நுண்ணுயிர், மரம் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்து வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இவ்வளவு அறிவு சேர்ந்திருக்க, நாங்கள் தவறான இடத்தில் கன்று செருகிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிச்சாவரம் எப்படிச் சீரழிந்தது என்பதில் இருந்துதான் ஆய்வாளர் பேச்சைத் தொடங்கினார். விறகு வெட்டியும் ஆடுமாடு மேய்த்தும் ஊர்மக்களே காட்டை அழித்தார்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. உண்மையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை காடு கூப்புகள் எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து மொட்டையாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு தானாகவே திரும்ப வளரும் என்பது கணக்கு. மலைக்காட்டில் பலிக்கக்கூடிய அந்தக் கணக்கு இங்கே பலிக்கவில்லை. மரம் போன பிறகு வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது; சேற்றில் இருந்த ஈரம் வற்றியதும் மண் அமிழ்ந்து தரை தட்டு போலக் குழிந்தது. கடல் உயரும் பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த நீர், கடல் வடியும் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் குழியிலேயே தேங்கி, கோடையில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். இந்தக் குழிகளில் அது அதைவிட மிக அதிகமாக ஏறிவிட்டது. உப்பிலேயே பிறந்து வளரும் வெண்கண்டலின் விதைகூட முளைக்க முடியாத அளவுக்கு அந்த மண் கெட்டது.

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். கூடத்துக்கு வெளியே இருந்த வெண்கண்டல் மரம் ஒன்றிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வந்து, இலையின் மேற்பரப்பை நாக்கால் தொட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் கொடுத்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். ஊறுகாய் போல உப்புக் கரித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது இலைமேல் பொடிப்பொடியாக உப்புப் படிகங்கள் மின்னின. வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும் மரம் அது. சுரபுன்னை வேறு வகை. அது வேரிலேயே உப்பை வடிகட்டி, பெரும்பகுதியை உள்ளே விடாமல் தடுத்துவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வித்தை இருக்கிறது, ஆனால் எந்த வித்தைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் இன்னும் அந்த இலையை நக்கிக்கொண்டிருந்தான்.

பிச்சாவரத்தில் காட்டை மீட்ட முறையும் இந்தக் காரணத்தை அறிந்ததில் இருந்தே பிறந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, குழிந்து கிடந்த இடங்களில் மீன்முள் வடிவத்தில் கால்வாய்களை வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாக ஒரு முதன்மைக் கால்வாய் பிரியும். அதன் இரு பக்கமும் விலா எலும்புகள் போலக் கிளைக்கால்வாய்கள் பிரியும். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறியதும், தேங்கிய உப்பு சிறிது சிறிதாகக் கழுவப்பட்டது. அதன் பிறகே கால்வாய்க் கரைகளின் சரிவில் கன்றுகள் நடப்பட்டன. செலவும் உழைப்பும் பெரும்பாலும் மண்வேலைக்கே போயின. கன்று நடுவது கடைசி வேலை. சில இடங்களில் தேவைப்படாத வேலையும்கூட, ஏனென்றால் நீரோட்டம் சரியானால் விதையை அந்த நீரே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

எங்கள் 300 விதைமுளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் அப்போது விளங்கியது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் தரை ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒரு கன்றின் விதி மாறிவிடும். பொதுவாக அலையாத்தி மரங்கள் வளர்வது சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மட்டுமே நீரில் மூழ்கும் தரையில். நாங்கள் நட்டதோ, நாளின் பெரும்பகுதி நீருக்கடியில் கிடக்கும் திறந்த சேற்றுத்திட்டு. அங்கே ஒருபோதும் காடு இருந்ததில்லை. பிலிப்பைன்சில் பல்லாயிரம் ஏக்கரில் இதே தவறு நடந்திருக்கிறது. அங்கே நட்டவற்றில் பிழைத்தவை பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடுதான் என்று அந்நாட்டு ஆய்வாளர் பிரிமவேராவும் அவருடன் பணியாற்றியவரும் 2008இல் எழுதினார்கள். நடுவதற்கு எளிது, நில உரிமைச் சண்டை இல்லை என்பதற்காகவே பொருந்தாத இடம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. எங்கள் இடமும் அந்தக் காரணத்துக்காகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அது மட்டுமல்ல. மரமில்லாத சேற்றுத்திட்டு வெறும் தரிசு என்றே நான் அன்று மாணவர்களிடம் சொன்னேன். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான் பறவைகள் புழுவும் நத்தையும் கிளறித் தின்னும் இடம் அதுதான். அங்கே காடு வளர்ந்திருந்தால் அவற்றின் மேய்ச்சல் நிலத்தை நாங்களே பறித்தவர்களாகியிருப்போம்.

உரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆய்வாளர் தம் துறையின் கருத்து வேறுபாட்டை ஒளிக்காமல் சொன்னது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பின என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பரங்கிப்பேட்டைக் கரையோரத்து 18 குப்பங்களில் தகவல் திரட்டி, காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று கதிரேசனும் இராசேந்திரனும் 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, தப்பிய குப்பங்கள் கடலிலிருந்து தொலைவிலும் உயரமான இடத்திலும் இருந்தவை, அந்தத் தொலைவையும் உயரத்தையும் கழித்துப் பார்த்தால் மரங்களின் பங்கு மிகச் சிறிதே என்று மறுத்தார்கள். இதைக் காட்டின் நடுவில் வாழும் மக்களிடம், அந்த அலையில் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் உட்கார்ந்திருந்த கூடத்தில் சொல்வதற்கு உறுதி வேண்டும். "காடு இருக்கிறது என்று நம்பிக் கடலோரத்தில் வீடு கட்டிவிடாதீர்கள், காடும் வேண்டும், தொலைவும் வேண்டும், மேடும் வேண்டும்" என்று அவர் சொன்னார். காட்டின் பெருமையை மட்டும் பாடியிருந்தால் கைதட்டல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையோடு எந்த இடத்தில் குடியேறுவது என்று முடிவெடுக்க, அந்தப் பாட்டு உதவாது. பல்கலைக்கழகம் மக்களிடம் வந்து பேசும்போது இந்த நேர்மையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

மீட்கப்பட்ட காட்டைப் பற்றியும் அவர் மகிழ்ச்சியை மட்டும் சொல்லவில்லை. கால்வாய்க் கரைகளில் நடப்பட்டதில் பெரும்பங்கு வெண்கண்டல். செயற்கைக்கோள் படத்தில் அது பசுமையாகவே தெரியும். பரப்பு கூடியது என்று கணக்கிலும் ஏறும். ஆனால் காடு என்பது இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தின்னும் நண்டும், அந்த வளைகளால் சேற்றுக்குள் புகும் காற்றும், வேர்களில் ஒட்டும் நத்தையும், வேரிடுக்கில் ஒளியும் இறால் குஞ்சும் சேர்ந்தது. அவை எப்போது, எந்த வரிசையில் திரும்பி வருகின்றன என்பதை அறியப் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ண வேண்டும். அப்படிப்பட்ட பொறுமையான வேலை இந்தப் பகுதியில் நடந்திருக்கிறது. 1991இல் வெள்ளாற்றுக் கரையில் பல்கலைக்கழகத்தார் நட்டு வளர்த்த அலையாத்தித் தோப்பு, மண் எவ்வளவு கார்பனைச் சேர்க்கிறது, என்னென்ன உயிர்கள் வந்து சேர்கின்றன என்று கேட்கும் ஆய்வுகளுக்கு இன்றுவரை களமாக இருக்கிறது. இந்த ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில் வெளியானவை. ஓடையில் நாளும் இறங்குபவர்களிடம் அவை வந்து சேர்வதற்கு இப்படிப்பட்ட கூட்டங்களைத் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை. அதனால்தான் இவை ஆண்டுக்கு ஒன்று என்றில்லாமல் ஒவ்வொரு பருவத்திலும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். இடுப்பளவு நீரில் நின்று, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்தே வாழ்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. "நீங்க உப்பு உப்புன்னு சொல்றீங்களேம்மா, நல்ல தண்ணி வரவே மாட்டேங்குதே, அத யாரு கேக்குறது?" என்றார். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் ஓடை முழுக்க நன்னீராகிவிடும் என்றும், இப்போது முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, ஏற்றம் வற்றம் இரண்டுமே தளர்ந்துவிட்டன என்றும் சொன்னார். ஆய்வாளர் உடனே விடை சொல்லிவிடவில்லை. "ஐயா, எந்த மாசத்துல எந்த ஓடையில தண்ணி எப்படி இருந்ததுன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று குறிப்பேட்டைத் திறந்தார். பதினைந்து நிமிடம் அவர் கேட்டார், முதியவர் பேசினார். கொள்ளிடத்திலும் கான்சாகிப் கால்வாயிலும் வரும் நீரின் அளவு, வடகிழக்குப் பருவமழை, முகத்துவாரத்தின் மணல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்தக் காட்டின் உப்பை முடிவு செய்கின்றன என்று ஆய்வாளர் கடைசியாகச் சொன்னது, முதியவர் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னது போலிருந்தது.

அடுத்த பௌர்ணமியன்று நான்கு மாணவர்களோடு பழைய சேற்றுத்திட்டுக்குப் போனேன். இந்த முறை விதைமுளைகளுக்குப் பதிலாகச் சாண் சாணாக வண்ணம் பூசிய மூங்கில் கழிகளை எடுத்துச் சென்றோம். கழிகளை ஊன்றி, காலை ஆறு மணி முதல் ஒவ்வொரு மணிக்கும் நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று எழுதினோம். எங்கள் கன்றுகள் நின்ற இடத்தில் மாலை வரை தரையே தெரியவில்லை. அங்கிருந்து கரைப்பக்கம் முப்பது அடி தள்ளி, யாரும் நடாத இடத்தில், விரல் உயரத்துக்கு வெண்கண்டல் கன்றுகள் முளைத்திருந்தன. ஒரு மாணவி அவற்றை எண்ணினாள், 41 இருந்தன. வெள்ளாடுகளின் குளம்புத் தடம் பக்கத்தில் தெரிந்ததால், ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய வலைத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சுற்றிலும் கட்டிவிட்டு வந்தோம். அமாவாசையன்று மறுபடி போய் அளக்க வேண்டும்.