நாணயம் தெரியும் வரை: காலாப்பட்டு நீச்சல் குளத்தோடு ஒன்பது மாதங்கள்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து எட்டு நாள் ஆகிறது. நவம்பர் 30 காலை தொடங்கிப் புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குச் சற்றே குறைவான மழை. சாலை திறந்ததும் பெரிய காலாப்பட்டில் பூட்டிக் கிடக்கும் பெரியப்பா வீட்டைப் பார்க்கப் போனேன். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மகனோடு பிரான்சிலேயே இருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. பின்புறம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் நீச்சல் குளம். ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.8 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 45,000 லிட்டர்.

அந்த 45,000 லிட்டரும் காவி கரைத்து விட்டதுபோல் நின்றது. மேற்கே மேட்டிலிருந்து இறங்கிய செம்மண் வெள்ளம் சாலையைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி நேராகக் குளத்துக்குள் விழுந்திருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு மூழ்கியபோதே விரல்கள் மறைந்துவிட்டன. மேலே சவுக்கு ஊசிகள் பாயாக மிதந்தன. நடுவில் ஒரு தென்னை மட்டை. ஓரமெல்லாம் தலைப்பிரட்டைகள்.

பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடு தம்பி, பொங்கலுக்கு வருகிறேன்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நிரப்ப வேண்டுமானால் 12,000 லிட்டர் லாரி நான்கு நடை வர வேண்டும். ஆயி என்ற பெண் குளம் வெட்டித் தண்ணீர் கொடுத்த கதையைச் சொல்லி வளர்ந்த ஊரில், அத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விடக் கை வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பெருமழைக்குப் பிறகு கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அந்த நேரத்தில் குளத்தை வெறுமையாக்கினால் கீழிருந்து வரும் அழுத்தம் தரையையே தூக்கி விரிசல் விட வைத்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் குளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கொட்டாமலே தெளிய வைப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த வாரம்

வலை போட்டு அள்ளியதிலேயே மூன்று மாலை போனது. சவுக்கு ஊசி பொல்லாதது. மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையின் கண்ணில் நுழைந்து பின்னிக்கொள்கிறது. தலைப்பிரட்டைகளை வாளியில் எடுத்துப் பக்கத்துக் குட்டையில் விட்டோம். என் மகள் அதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

1 குதிரைத்திறன் மோட்டார் நீரில் மூழ்கியிருந்தது. காயில் கட்டும் கடையில் கொடுத்தோம், நான்கு நாளில் திரும்ப வந்தது. வடிகட்டித் தொட்டியைத் திறந்தால் மணல் கட்டிதட்டிக் கிடந்தது. உதவிக்கு வந்தவர், "கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே அண்ணே, நாலு கூடை அள்ளிப் போடலாமே" என்றார். கூடாது. வடிகட்டிக்கு அரை மில்லிமீட்டர் அளவில் சலித்த சிலிக்கா மணல் வேண்டும். கடல் மணலில் பருமன் சீராக இருக்காது, உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும். 50 கிலோ மூட்டை மூன்று வாங்கிப் போட்டேன். சுத்தமான மணலில் அழுத்தமானி 10 பிஎஸ்ஐ காட்டியது. இந்த எண்ணைத் தொட்டியின் மேலேயே எழுதி வைத்துவிட்டேன். அது 18ஐத் தொட்டால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது. பிறகு வால்வை 'ரின்ஸ்' நிலைக்குத் திருப்பி அரை நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் 'ஃபில்டர்' நிலைக்கு வர வேண்டும். மறந்தால் மணலுக்குள் கலங்கியது எல்லாம் மறுபடி குளத்துக்கே வந்துவிடும்.

இரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டினேன். நிறம் மாறவே இல்லை. செம்மண்ணின் களித்துகள் அவ்வளவு நுண்ணியது. மணல் இடுக்கு வழியாக நழுவி அப்படியே திரும்பி வருகிறது.

டிசம்பர் 14, சனி

இந்த நாளைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை.

என் ஆயா மழைக்காலத்தில் புதுப்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றுவார். காலையில் பானையின் அடியில் சேறு, மேலே கண்ணாடி. தேற்று என்றாலே தெளியச் செய் என்றுதான் பொருள். பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் படிகாரத்தோடு பத்துத் தேற்றாங்கொட்டையும் வாங்கி வந்தேன்.

ஒரு லிட்டர் பாட்டில்கள் ஏழு. எல்லாவற்றிலும் குளத்துத் தண்ணீர். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால், கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஊசி போடும் சிரிஞ்சால் மகள் அளந்து ஊற்றினாள்: முதல் பாட்டிலுக்கு 1 மில்லி, அடுத்ததற்கு 2, இப்படி 5 வரை. ஆறாவதில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் கல்லில் உரசி எடுத்த தேற்றாங்கொட்டை விழுது. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிடம் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி, திண்ணையில் வரிசையாக நிறுத்தினோம்.

கால் மணி நேரத்தில் மூன்றாவது பாட்டிலில் மாற்றம் தெரிந்தது. காவி நிறம் முழுவதும் ஒன்றாக இருந்தது, அதற்குள் இடைவெளி விழத் தொடங்கியது. தூசி ரவையாகி, ரவை பஞ்சாகி, பனி இறங்குவதுபோல மெல்ல இறங்கியது. "அப்பா, பின்னால் இருக்கிற கம்பி தெரிகிறது!" என்று மகள் கத்தினாள். உண்மைதான், பாட்டில் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது. களித்துகள்கள் எல்லாம் எதிர்மின் ஊட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்த விலக்கத்தை முறித்து, துகள்களைத் திரளச் செய்கிறது. முதலிரண்டு பாட்டிலில் மருந்து போதவில்லை. நான்கிலும் ஐந்திலும் மூன்றைவிடக் கூடுதல் தெளிவு ஒன்றும் இல்லை. தேற்றாங்கொட்டைப் பாட்டிலும் தெளிந்தது, ஆனால் இரவு வரை நேரம் எடுத்துக்கொண்டது. ஆயாவின் கை எனக்கு நினைவு வந்தது. பானைக்கு அது அருமையான பொருள். குளத்துக்கு வேண்டாம் என்று விட்டேன். விதைப்பொருள் தண்ணீரில் தங்கினால் பிறகு ஊற்றும் குளோரினை அதுவே தின்றுவிடும்.

மூன்றாவது பாட்டில் என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம். 45,000 லிட்டருக்கு 1.35 கிலோ. மறுநாள் மாலை கரைத்து, குளம் முழுவதும் பரவலாக ஊற்றி, வால்வை வடிகட்டாமல் சுழற்றும் நிலையில் வைத்து ஓட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டேன். இரவு யாரும் தண்ணீரைத் தொடவில்லை.

டிசம்பர் 16, காலை ஆறு மணி

ஆழமில்லாத பக்கம் தரை தெரிந்தது. அதன் மேல் ஒரு சாண் தடிமனில் சிவப்புப் பஞ்சு மெத்தை. உறிஞ்சு குழாயை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். காலை அழுத்தி வைத்தாலே கலங்கிவிடும் என்பதால் மேலே நின்றுதான் வேலை. இதை வடிகட்டி வழியாக விடக் கூடாது, மணல் பசையாகிவிடும். வால்வை 'வேஸ்ட்' நிலையில் வைத்து நேராகத் தென்னந்தோப்புக்கு விட்டேன். 4,000 லிட்டர் போயிருக்கும். முழுக் குளத்தையும் கொட்டுவதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

டிசம்பர் 20 முதல் 29 வரை

சேறு போனதும் வெயில் அடி வரை இறங்கியது. மூன்றே நாளில் குளம் பச்சை. பாசிக்கு இத்தனை நாள் வெளிச்சம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் தண்ணீரின் உடம்பைச் சரி செய்தேன். மழைநீரும் படிகாரமும் சேர்ந்து காரத்தன்மையை 50 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) இறக்கியிருந்தன. 80 முதல் 120 வரை இருந்தால்தான் பிஎச் நிலையாக நிற்கும். சமையல் சோடா 2.3 கிலோ போட்டதும் 80 வந்தது, பிஎச் 7.3.

பிறகு திரவ குளோரின். இந்தக் குளத்தில் 1 பிபிஎம் உயர்த்த 45 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவத்தில் அது 450 மில்லி. ஒரு காலையில் நாலரை லிட்டர் ஊற்றினேன், மதியம் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் இல்லாத தண்ணீரில் நம் ஊர் வெயில் ஓரிரு மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதியைக் கலைத்துவிடுகிறது. பாசி மறுபக்கம் தின்கிறது. அதன் பிறகு பொழுது சாய்ந்த பிறகே ஊற்றினேன்.

24ஆம் தேதி இரவு ஒரு தவறு செய்தேன். சோதனைக் குழாயில் குளோரினைக் காட்டும் டிபிடி மாத்திரை போட்டேன். இளஞ்சிவப்பு வர வேண்டும், நிறமே வரவில்லை. குளோரின் இல்லை என்று நம்பி இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றினேன். மறுபடி போட்டபோது மகள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை விழுந்த கணத்தில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி உடனே மறைந்தது என்றாள். குளோரின் அளவு மிஞ்சினால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும்! ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் சோதித்தோம். 3 என்று வந்தது, ஐந்தால் பெருக்கினால் 15. அவள் பார்க்காவிட்டால் கேனையே காலி செய்திருப்பேன்.

பாசி செத்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரவு இருட்டிய பின் ஓர் அளவு, விடியலில் வெயில் படுமுன் ஓர் அளவு. வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள் இருந்தால் தின்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. 29ஆம் தேதி விடியலில் வித்தியாசம் அரை.

ஜனவரி 1, 2025

ஆழமான முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டோம். 1.8 மீட்டர் கீழே '1' தெளிவாகத் தெரிந்தது. படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "இது அதே தண்ணீரா?" என்று இரண்டு முறை கேட்டார். அதே தண்ணீர்தான் பெரியப்பா.

வெயிலுக்குக் காப்பாக 1.35 கிலோ சயனூரிக் அமிலம் சேர்த்து 30 பிபிஎம் ஆக்கினேன். பொங்கலன்று காலை அவர் இறங்கி, குளிரைப் பொருட்படுத்தாமல் முக்கால் மணி நேரம் நீந்தினார்.

மார்ச் 23, ஞாயிறு

பிப்ரவரி தொடக்கத்தில் தினமும் திரவம் ஊற்ற நேரமில்லாமல் டிசிசிஏ என்ற குளோரின் வில்லைக்கு மாறினேன். 200 கிராம் வில்லை, இரண்டு நாளுக்கு ஒன்று. வசதியாகத்தான் இருந்தது. மார்ச் நடுவில், குளோரின் 2 பிபிஎம் காட்டியும், ஏணிக்குப் பின்னால் சுவர் வழவழத்தது. பிஎச் 6.9க்கு இறங்கியிருந்தது.

காரணம் வில்லைக்குள்ளேயே இருக்கிறது. குளோரின் கரைந்து செலவாகிறது, அதைச் சுமந்து வந்த சயனூரிக் அமிலம் குளத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு வில்லை இந்தக் குளத்துக்கு 4 பிபிஎம் குளோரின் தருகிறது, கூடவே சுமார் 2.4 பிபிஎம் அமிலத்தையும் விட்டுப் போகிறது. இருபது வில்லையில் 30 என்பது 80ஐ ஒட்டி வந்துவிட்டது. அந்த அளவில் குளோரின் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். எண்ணில் 2 தெரியும், வேலையில் தெரியாது. விற்பவர்கள் டப்பாவின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மருந்து கிடையாது, தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். குளோரினை நிறுத்தி அளவு பூஜ்யத்துக்கு வந்த பிறகு, மூன்றில் ஒரு பங்கைத் தென்னைக்கும் முந்திரிக்கும் வாய்க்கால் வழியாக விட்டேன். கோடை என்பதால் நிலத்தடி நீர் தாழ்ந்திருந்தது, பயமில்லை. ஒரு லாரி தண்ணீரும் மிச்சத்துக்குக் கிணற்று நீரும் ஊற்றினோம். சயனூரிக் அமிலம் இப்போது 53. குளோரின் 4ஐச் சுற்றி வைத்தால் போதும்.

மிச்ச வில்லைகளைத் தனி அறையில் வைத்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடரின் அருகில் அவற்றை வைக்கவே கூடாது. ஒன்றோடொன்று கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் திரவ குளோரினும் ஒரே வாளியைத் தொடக் கூடாது, நச்சு வாயு வரும். எதைக் கரைத்தாலும் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மருந்து.

மே, கத்தரி வெயில்

மாலை ஏழு மணிக்குத் தினமும் ஒரு லிட்டர் திரவம், சில நாள் சற்றுக் கூடுதல். மோட்டார் எட்டு மணி நேரம். இதில் தண்ணீர் முழுவதும் இரண்டு சுற்று வடிகட்டியைக் கடந்துவிடுகிறது. சனிக்கிழமை சுவரைத் தேய்க்கிறோம், ஏணிக்குப் பின்புறம் முதலில். மகளின் நோட்டில் எண்கள் மார்ச் இறுதியிலிருந்து நேர்கோட்டில் போகின்றன.

ஆகஸ்ட்

அடுத்த பருவமழைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. குளத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் ஒன்றரை அடி உயரச் செங்கல் வரப்பு, அதன் அடியில் தென்னை வரிசை நோக்கிச் சரிவாக ஒரு காங்கிரீட் வாய்க்கால். கொத்தனாருக்கு மூன்று நாள் வேலை.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு இடியோடு நல்ல மழை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். மேட்டுப் பக்கமிருந்து செந்நீர் சுழித்து வந்தது. வரப்பில் மோதியது, ஒரு கணம் உயர்ந்தது, பிறகு வாய்க்காலில் திரும்பித் தென்னைகளின் பக்கம் ஓடியது. மகள் டார்ச்சைக் குளத்தின் அடிக்குத் திருப்பினாள். மழைத்துளி விழுந்து மேற்பரப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே, ஆழமான முனையில், ஜனவரியில் நாங்கள் எடுக்காமல் விட்ட நாணயம் மினுங்கியது.