கடிதத்தில் விட்டுப்போன ஒரு வரி

உறவு கொள்ளும்போது அடிவயிற்றின் ஆழத்தில் வலி. மேலே எரிகிற வலி இல்லை, உள்ளே எதையோ இடிக்கிற மாதிரி, முடிந்த பிறகும் மறுநாள் மத்தியானம் வரை விடாது. இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்கு மூன்று வருஷம் ஆனது. சொன்னது காகிதத்தில் ஏற இன்னும் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ஊர், சுற்றிலும் செம்பனைத் தோட்டம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு உட்கார்ந்தால் பக்கத்தில் மாமியாரோடு கோயிலுக்குப் போகிற அக்கா. கவுண்டரில் மிஸ்ஸி (நர்ஸ்) சத்தமாக "சாக்கிட் ஆப்பா?", அதாவது என்ன வலி, என்கிறார். மாதவிடாய் வலி என்றுதான் சொல்ல முடிந்தது. உள்ளே போனதும் டாக்டரிடம் "சாக்கிட் மாசா பெர்சாமா சுவாமி", புருஷனோடு இருக்கும்போது வலி, என்று திக்கித் திக்கிச் சொன்னேன். (மலாயில் சுவாமி என்றால் புருஷன், ஆனால் அந்த நேரத்தில் நம்ம சாமியைத்தான் கூப்பிட்டேனோ என்னவோ.) தலையாட்டினார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார், கவரை ஒட்டிக் கொடுத்தார்.

மூன்று மாதம் காத்திருந்து, வீட்டுக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கவரைப் பிரித்தால் உள்ளே இருந்தது ஒரே சொல், செங்குகுட். அதாவது மாதவிடாய் வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வலி மாத்திரை, போய்ட்டு வாங்க.

தயவுசெய்து, கவரை ஒட்டும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இன்னொன்று, ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய்) இல்லை என்று ஆகிவிடாது, எனக்கு அப்போது அது தெரியாது.

இரண்டாம் தடவை வாயை நம்பவில்லை. எந்தத் தேதி, மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன், எவ்வளவு நேரம் வலி என்று இரண்டு மாதக் கணக்கைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி நீட்டினேன். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தது. உள்பரிசோதனையில் கருப்பைக்குப் பின்னால் விரல் பட்டதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வலிதானா?" என்றார். இதேதான். அந்தத் திசு கருப்பையின் பின்பக்கத் தசைநார்களில் ஒட்டினால் இப்படித்தான் இருக்குமாம். அப்புறம் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவால் பார்ப்பது), அதுவும் எண்டோமெட்ரியோசிஸ் என்றுதான் சொன்னது.

இப்போது தினம் டையனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது, அதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆரம்ப மாதங்களில் நினைத்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக உதிரம், போர்வை போச்சு.

மாத்திரையால் பாதிதான் குறைந்தது. மீதி, வலிக்குப் பயந்து பயந்து இடுப்படித் தசை தானாகவே இறுகிப்போனது. பிசியோவில் அதைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று அதற்கு முன் நான் இறுக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தேன், கூடுதல் வலிதான் மிச்சம்.

வீட்டில் நானே ஆழத்தையும் வேகத்தையும் பார்த்துக்கொள்கிற நிலைதான் ஒத்துவருகிறது. மாதவிடாய் நெருங்கும் வாரத்தில் அந்தப் பேச்சே கிடையாது. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. போன வாரம் தட்டினேன், நிறுத்தினார், எழுந்து போய் இரண்டு பேருக்கும் மைலோ கலக்கிக் கொண்டு வந்தார்.