சோப்போடு போன அரை நாள்

அரசுப் புள்ளிவிவரத் துறையில் பொருளாதார நிபுணர் என்றால் ஏதோ ஆட்சியாளர்களுக்கு யோசனை சொல்கிற வேலை என்று வீட்டில் இன்னும் நம்புகிறார்கள். உண்மையில் கடை விலைகள் மாதாமாதம் எவ்வளவு மாறின என்று கணக்கிடுவதுதான் என் வேலை. இன்று அரை நாள் ஒரு சோப்போடு போனது. விலை போன மாதத்து விலையேதான். ஆனால் கடையில் விலையைக் குறித்து வரும் கள அலுவலர் ஓரத்தில் பொடி எழுத்தில், "எடை 100 கிராம் இருந்தது, இப்போ 90" என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் எங்கள் கணக்கில் கிராமுக்கு 11.1 சதவீத விலையேற்றம். அந்த ஒரு வரி இல்லையென்றால் விலைவாசி மாற்றத்தைக் காட்டும் குறியீட்டெண்ணில் இந்தச் சோப்பின் ஏற்றம் பூஜ்ஜியம் என்றே போயிருக்கும். அவருக்கு ஒரு கும்பிடு!

கைபேசி இதைவிடத் தொல்லை. பழைய மாடல் வருவதில்லை. புதியதில் கேமராவும் மேல், விலையும் மேல். கூடியதில் எவ்வளவு தரத்துக்கு, எவ்வளவு வெறும் ஏற்றம்? பிரித்தே ஆக வேண்டும்.

குறியீட்டெண் வெளியாகும் நாள்வரை வாய் திறக்கவும் கூடாது. "விலைவாசி ஏறுமா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் சிரித்து வைக்கிறேன். வெளியான பிறகு, "எல்லாம் பொய்க் கணக்கு" என்கிறார்.