ஊர் திரும்ப நடந்த ஷையான் மக்கள்

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு, அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான ஷையான் என்றால் குதிரை, இறகு, அம்பு, அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள், 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா என்ற இன்னொரு பழங்குடியோடு சேர்ந்து அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரைத் தீர்த்துக்கட்டியதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட, இரண்டு வருஷம் கழித்து அவர்கள் ஊருக்கு நடந்து போன கதைதான் பெரிசு. பாளையங்கோட்டைக்காரன் என்பதால் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இவர்கள் ஆதியிலிருந்தே குதிரைக்காரர்கள் இல்லை. இன்றைய மினசோட்டா பக்கம் ஏரிக்கரைகளில் இருந்தவர்கள், அப்புறம் வடக்கு டகோட்டாவில் மண்வீடு கட்டி மக்காச்சோளம் போட்டவர்கள், மற்ற குடிகளின் நெருக்கடியில் மேற்கே நகர்ந்து, குதிரை கைக்கு வந்ததும் சில தலைமுறைக்குள் காட்டெருமைக்குப் பின்னால் போகும் சமவெளி மக்களாகவே மாறிவிட்டார்கள். ஊர்க் காரியங்களை முடிவு செய்ய 44 தலைவர்கள் கொண்ட சபை இருந்தது. அதில் உட்காருகிறவன் சமாதானக்காரனாக இருக்க வேண்டும், கோபப்படக் கூடாது.

அப்படியொரு சமாதானக்காரர்தான் பிளாக் கெட்டில். 1851 ஒப்பந்தத்தில் இவர்களுடையது என்று அமெரிக்க அரசாங்கம் ஒத்துக்கொண்ட நிலத்தில் 1858-ல் தங்கம் கிடைத்ததாகச் செய்தி பரவ, கூட்டம் வந்து குவிந்தது. 1864 நவம்பர் 29 காலையில் கொலராடோவின் சேண்ட் கிரீக்கில் இருந்த அவருடைய முகாமை ஷிவிங்டன் என்ற கர்னலின் படை தாக்கியது. கூடாரத்துக்கு மேலே அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றி வைத்திருந்தார் பிளாக் கெட்டில். 150 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசாளிகள். சைலஸ் சோல் என்ற கேப்டன் தன் ஆட்களைச் சுட விடவில்லை. விசாரணையில் நடந்ததைச் சொன்ன அவரை அடுத்த ஏப்ரலில் டென்வர் தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். பிளாக் கெட்டில் தப்பித்தார், ஆனால் நாலு வருஷம் கழித்து வாஷிட்டா ஆற்றங்கரையில் கஸ்டர் நடத்திய தாக்குதலில் அவரும் மனைவியும் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, நடைக்கு வருவோம். கஸ்டர் செத்ததற்குப் பழிவாங்க ராணுவம் குளிர்காலம் முழுக்கத் துரத்தியதில், ஷையான்களில் வடக்கே இருந்த பிரிவினர் 1877-ல் சரணடைந்தார்கள். அவர்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மலேரியா, போதாத ரேஷன், வேட்டைக்கு ஒன்றுமே இல்லை. 1878 செப்டம்பரில் டல் நைஃப், லிட்டில் வுல்ஃப் என்ற இரண்டு தலைவர்களோடு 350 பேர் அளவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள், அதில் முக்கால்வாசி பெண்களும் பிள்ளைகளும். சொந்த ஊர்ப் பக்கமான மான்டானா வரைக்கும் சுமார் 1,600 கிலோமீட்டர், திருநெல்வேலியிலிருந்து நாக்பூர் போவது மாதிரி. இதைக் கேட்ட எங்கள் தெரு அண்ணாச்சி, “ஏல, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டா அம்புட்டு தூரம் போனாவ?” என்றார். கொஞ்சம் குதிரைகள் இருந்தன, பலர் நடைதான். வழியில் கான்சாஸில் இளவட்டங்கள் குடியேறிகள் நாற்பது பேர் அளவில் கொன்றதையும் சொல்லத்தான் வேண்டும், வீரக்கதை எழுதுகிறவர்கள் அதை மெதுவாகத் தாண்டிவிடுகிறார்கள்.

நெப்ராஸ்காவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டல் நைஃப் கூட்டம் பிடிபட்டு ராபின்சன் கோட்டையில் அடைபட்டது. தெற்கே திரும்பப் போங்கள் என்றார்கள், மாட்டோம் என்றதும் உறைபனிக் குளிரில் சாப்பாட்டையும் விறகையும் நிறுத்தினார்கள். 1879 ஜனவரி 9 ராத்திரி, ஒளித்து வைத்திருந்த சில துப்பாக்கிகளோடு ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அடுத்த நாட்களில் அறுபது பேருக்கு மேல் பனியில் செத்தார்கள். லிட்டில் வுல்ஃப் கூட்டம் மணல்மேடுகளில் குளிர்காலத்தை ஒளிந்து கழித்து, மார்ச்சில் மான்டானா போய்ச் சரணடைந்தது. தெற்கே யாரும் திருப்பி அனுப்பவில்லை. தப்பிப் பிழைத்த டல் நைஃபும் கடைசியில் அங்கேயே வந்து சேர்ந்தார். 1884-ல் டங் ஆற்றுப் பக்கம் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள்.

பாளையங்கோட்டை விஷயம் இதுதான். நாங்கள் கேட்டு வளர்ந்த கட்டபொம்மன் கதை 1799-ல் கயத்தாற்றுத் தூக்குமரத்திலும், 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து ஆமணக்கு விதைத்தார்கள் என்பதிலும் முடிகிறது. காயம்பட்டுக் கிடந்த அவர் தம்பி ஊமைத்துரையைத் துணி போர்த்தி, அம்மையில் செத்த பையன் என்று அழுது காப்பாற்றிய பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஷையான்களிடமும் அப்படி ஒருத்தி உண்டு. 1876-ல் அமெரிக்க ராணுவத்தோடு நடந்த ரோஸ்பட் சண்டையில் குதிரை விழுந்து சிக்கிக்கொண்ட தன் அண்ணனைத் தோட்டாக்களுக்கு நடுவே புகுந்து தூக்கி வந்தவள். அவள் பெயர் பஃபலோ காஃப் ரோட் வுமன், அந்தச் சண்டையையே ‘தங்கை அண்ணனைக் காப்பாற்றிய இடம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு, 1884-ல் ஒதுக்கிய அந்த நிலத்துக்கு அடியில் நிலக்கரி இருப்பது தெரிந்தது. கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போயிருந்ததை ரத்து செய்யச் சொல்லி 1973-ல் பழங்குடிக் கவுன்சில் அரசாங்கத்திடம் மனுப் போட்டது. நாலு வருஷத்தில் தங்கள் காற்றுக்கு நாட்டிலேயே மிகக் கடுமையான மாசுக் கட்டுப்பாட்டையும் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அவர்கள் பிள்ளைகள் ராபின்சன் கோட்டையிலிருந்து மான்டானாவுக்கு, முறை வைத்து, பனியில் ஓடிவருகிறார்கள்.